வெள்ளைக் கரை போட்ட ஹைட்ரேஞ்சியா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் ஹைட்ரேஞ்சியா இல்லாத வீட்டு வாசலைப் பார்ப்பது அரிது. ஆனால் இலையில் வெள்ளைக் கரை ஓடும் வேரிகேட்டட் வகையை வாங்கி வைத்தவர்கள் அதே நாலைந்து சந்தேகங்களோடு திரும்பத் திரும்ப வருகிறார்கள். பச்சை இலை ஹைட்ரேஞ்சியாவுக்குச் செய்வதையெல்லாம் இதற்கும் செய்வதுதான் பெரும்பாலான தொல்லைக்குக் காரணம். கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம்.

இது தனி ஜாதியா, இல்ல சாதா ஹைட்ரேஞ்சியாவுக்கு நோய் வந்து இலை வெளுத்துப்போச்சா?

நோய் இல்லை. ஜப்பானின் கடலோரப் பகுதிகளைச் சேர்ந்த பெரிய இலை ஹைட்ரேஞ்சியாதான் இதுவும். இலையின் ஓரத்தில் இருக்கும் திசுவுக்குப் பச்சையம் தயாரிக்கும் திறன் இல்லை, நடுத் திசுவுக்கு இருக்கிறது. ஒரே செடிக்குள் இரண்டு விதமான திசுக்கள் அடுக்கடுக்காகச் சேர்ந்து வளர்கின்றன. அதனால்தான் நடுவில் பச்சை, ஓரத்தில் வெள்ளை அல்லது பால்மஞ்சள்.

வெள்ளைப் பகுதி உணவு தயாரிக்காது, பச்சைப் பகுதி சமைப்பதைத் தின்றே வாழ்கிறது. இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பாதிப் பதில்கள் தாமாகவே விளங்கும்.

நர்சரிகளில் 'மேரீஸியை வேரிகேட்டா', 'ட்ரைகலர்' என்ற பெயர்களில் விற்பார்கள். பெயரில் இருக்கும் மேரீஸ், இங்கிலாந்தின் வெய்ச் நர்சரிக்காக 1870-களின் இறுதியில் ஜப்பானிலும் சீனாவிலும் செடிகள் சேகரித்த சார்ல்ஸ் மேரீஸ். பிறகு இந்தியா வந்து தர்பங்கா, குவாலியர் மன்னர்களின் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டவரும் இவரே.

பந்து பந்தா பூக்கும்னு நினைச்சு வாங்கினேன். ஓரத்துல மட்டும் ஏழெட்டு பூ விரிஞ்சிருக்கு, நடுவுல மொட்டாவே நிக்குது. இன்னும் விரியுமா?

அது விரிந்தே ஆகிவிட்டது. வேரிகேட்டட் வகைகளில் பெரும்பாலானவை தட்டைப் பூங்கொத்து வைப்பவை. நடுவில் கடுகு கடுகாக நிற்பவைதான் மகரந்தமும் சூலகமும் உள்ள உண்மையான பூக்கள். உற்றுப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் மெல்லிய கேசரங்கள் நீட்டிக்கொண்டிருக்கும். ஓரத்தில் பட்டாம்பூச்சி மாதிரி விரிந்திருப்பவை பெரும்பாலும் மலட்டுப் பூக்கள். அவற்றில் இதழ் போலத் தெரிவது புல்லிவட்டம்.

பந்துப் பூதான் வேண்டும் என்றால் பச்சை இலை வகையை வாங்குங்கள். இந்தச் செடியின் அழகு முதலில் இலையில், பிறகுதான் பூவில்.

சென்னையில மாடியில வைக்கலாமா? மதுரையில?

இலைக்காக என்றால் கஷ்டப்பட்டு வைக்கலாம். பூவுக்காக என்றால் வேண்டாம். இந்தச் செடி பூமொட்டுக் கட்டுவதற்கு ஏறக்குறைய 18 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஆறேழு வாரம் குளிர் வேண்டும். சமவெளியில் மார்கழி இரவுகள்கூட அதற்குப் போதாது. கடையில் பூத்து நிற்கும் தொட்டி குளிர்ப் பிரதேசத்தில் மொட்டுக் கட்டி இறங்கி வந்தது. அந்தப் பூ உதிர்ந்த பிறகு வருடக்கணக்கில் வெறும் இலையோடு நிற்கும், சித்திரை வெயிலில் அதுவும் கருகும்.

ஊட்டி ஏறத்தாழ 2,240 மீட்டர், கொடைக்கானல் 2,100, குன்னூர் 1,800, இலங்கையில் நுவரெலியா 1,868. இந்த உயரங்களில் கவலையில்லாமல் வைக்கலாம். சுமார் 1,500 மீட்டர் உயரமுள்ள ஏற்காட்டில் நிழலும் ஈரமும் பார்த்து வைத்தால் வரும்.

எவ்வளவு வெயில் வேணும்? நிழல் செடின்னு சொன்னாங்களே?

காலை வெயில் மூன்று மணி நேரம், பதினோரு மணிக்கு மேல் நிழல். வீட்டின் கிழக்குப் பக்கம் இதற்கு இயல்பாக அமைந்த இடம். முழு நிழலில் வைத்தால் செடி நீண்டு துவளும், பூ குறையும். மதிய வெயில் பட்டால் வெள்ளை ஓரம் கருகும்.

மலையில் குளிர்கிறதே, வெயில் என்ன செய்யும் என்று நினைக்க வேண்டாம். டிசம்பரிலிருந்து மார்ச் வரை மேகமில்லாத வானத்தில் மலை வெயில் சுள்ளென்று அடிக்கும், காற்றும் வறண்டிருக்கும். பெரும்பாலான இலைக் கருகல் அந்த மாதங்களில்தான் நடக்கிறது.

தொட்டியில வைக்க மண் எப்படிக் கலக்கணும்?

பன்னிரண்டு முதல் பதினான்கு அங்குலத் தொட்டி, அடியில் மூன்று நான்கு ஓட்டை. தோட்டத்து மேல்மண் இரண்டு பங்கு, இலை மக்கு ஒரு பங்கு, கொரகொரப்பான மணல் ஒரு பங்கு. கைப்பிடி ஈரமண்ணைப் பிடித்து விட்டால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். உதிரவில்லை என்றால் மணல் கூட்டுங்கள். தேங்காய் நார்க்கழிவு சேர்ப்பதானால் இரண்டு மூன்று தண்ணீரில் அலசிவிட்டுச் சேருங்கள், அதிலுள்ள உப்பு முதலில் வெள்ளை ஓரத்தைத்தான் தாக்கும்.

தரையில் நட்டால் ஒன்றரை அடி ஆழ, அகலக் குழி போதும். செடி தொட்டியில் எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டத்தில் நடுங்கள். மேலே இரண்டங்குலத்துக்குக் காய்ந்த இலையைப் பரப்புங்கள், தண்டை ஒட்டி மட்டும் வேண்டாம்.

அடுப்புச் சாம்பல், முட்டை ஓடு எல்லாம் போடலாமா? எல்லாச் செடிக்கும் அதுதான் போடுறோம்.

இதற்குப் போடாதீர்கள். இரண்டுமே மண்ணின் அமிலத்தைக் குறைப்பவை. சாம்பல் சட்டென்று வேலை செய்யும், முட்டை ஓடு மெதுவாக. இது அமில மண்ணை விரும்பும் செடி. அமிலம் குறைந்தால் மண்ணில் இரும்பு இருந்தும் வேர் அதை எடுக்க முடியாமல் இலை மஞ்சளாகும்.

தினமும் தண்ணி ஊத்துறேன், ஆனாலும் மத்தியானம் இலை தொங்கிடுது. இன்னும் ஊத்தணுமா?

மண்ணில் விரலை இரண்டு அங்குலம் விட்டுப் பாருங்கள். ஈரமாக இருந்தால் ஊற்றாதீர்கள். அகன்ற இலை, மதியத்தில் வேர் அனுப்புவதைவிட வேகமாக நீரை இழக்கும், அதனால் தொங்கும். மாலை ஐந்து ஆறு மணிக்குத் தானே நிமிர்ந்துவிட்டால் குறை ஏதுமில்லை. மறுநாள் காலையிலும் தொங்கியே நின்றால்தான் கவலைப்பட வேண்டும். மண் காய்ந்திருந்தால் தாகம், மண் சொதசொதவென்று இருந்தால் வேர் அழுகல்.

தொங்குகிறதே என்று மதியம் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை ஊற்றி வேரை அழுகவிட்டவர்களே அதிகம். காலையில் அடி ஓட்டை வழியாக வடியும் வரை ஒரே தடவை ஊற்றுங்கள், தட்டில் நீர் தேங்க விடாதீர்கள். மழைநீர் சேமித்தால் அதுவே உத்தமம். உப்புத் தன்மையுள்ள போர்த் தண்ணீர் நாளடைவில் மண்ணின் அமிலத்தைக் கெடுக்கும்.

வெள்ளை ஓரம் பூரா பழுப்பாகி முறுகிப்போகுது. என்ன மருந்து அடிக்கணும்?

மருந்தால் தீராது. முதலில் எந்த இலை என்று பாருங்கள். செடியின் வெயில் படும் பக்கத்து இலைகள் மட்டும் கருகியிருந்தால் வெயில்தான் காரணம், இடத்தை மாற்றுங்கள். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி நுனியிலிருந்து ஓரம் நெடுகக் கருகியிருந்தால் உரம் அதிகமாகியிருக்கலாம், அல்லது மண்ணில் உப்பு சேர்ந்திருக்கலாம். தொட்டியின் கொள்ளளவைப்போல் மூன்று மடங்கு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி வடியவிட்டு, இரண்டு மாதம் உரத்தை நிறுத்துங்கள்.

காற்றடிக்கும் மூலையில் வைத்த செடிக்கும் இதே அடையாளம் வரும். இன்னொன்று, வெயில் நேரத்தில் வேப்பெண்ணெய் தெளித்தால் எண்ணெய் படிந்த வெள்ளைப் பகுதி வெந்துபோகும். வெள்ளைத் திசு மென்மையானது, பச்சைப் பகுதி தாங்குவதை அது தாங்காது. கருகிய இலை மறுபடி வெளுக்காது. பாதிக்குமேல் பச்சை இருந்தால் இலையைக் கிள்ளாமல் விடுங்கள், உணவு தயாரிக்கட்டும்.

எங்க வீட்டுல நீலம், அதே செடியிலிருந்து பதியன் போட்டுக் கொடுத்தது தங்கச்சி வீட்டுல ரோஸ். எப்படி?

மண் வேறு. மண்ணிலுள்ள அலுமினியத்தை வேர் எடுத்து, அது பூவுக்குப் போய் நிறமியோடு சேரும்போது நீலம் வருகிறது. மண்ணின் அமில அளவைக் காட்டும் எண்ணான பி.எச். 5.5-க்குக் கீழே (அமிலம் அதிகமாக) இருந்தால் அலுமினியம் கரைந்து கிடைக்கும், நீலம். 6.5-க்கு மேலே போனால் கரையாது, ரோஸ். இடையில் ஊதாவும் கலவையும். தேயிலை விரும்புவதும் இதே அமில மண்ணைத்தான், அதனாலேயே நீலகிரியின் தேயிலை நிலத்துப் பக்கம் நீல ஹைட்ரேஞ்சியாக்களைக் கேட்காமலே பார்க்கலாம்.

தங்கச்சி வீட்டுச் செடி சிமெண்டுச் சுவரையோ சுண்ணாம்பு அடித்த திண்ணையையோ ஒட்டி நிற்கிறதா என்று பாருங்கள். மழையில் சுண்ணாம்பு கரைந்து இறங்கி அந்த ஓரத்து மண்ணின் அமிலத்தைக் குறைத்துவிடும். வேரிகேட்டட் வகைகளில் நிறமாற்றம் நடுப் பூக்களில்தான் நன்றாகத் தெரியும். ஓரப் பூ சில வகைகளில் வெளிறியோ வெண்மையாகவோதான் நிற்கும், அதை எந்த மண்ணாலும் கருநீலமாக்க முடியாது.

நீலமாக்க துருப்பிடிச்ச ஆணி புதைக்கச் சொல்றாங்க. படிகாரம்னும் சொல்றாங்க. எது சரி?

ஆணி வேண்டாம். அது இரும்பு. தேவைப்படுவது அலுமினியம். படிகாரத்தில் அலுமினியம் இருக்கிறது, அதனால் அது வேலை செய்யும். உரக்கடையில் அலுமினியம் சல்பேட் கிடைத்தால் இன்னும் நல்லது.

லிட்டருக்கு 4 கிராம் அலுமினியம் சல்பேட், அல்லது 5 கிராம் பொடித்த படிகாரம். முதலில் வெறும் தண்ணீர் ஊற்றி மண்ணை நனையுங்கள். பிறகு கரைசலை செடிக்கு இரண்டு மூன்று லிட்டர், வேர்ப்பக்கம் மட்டும் ஊற்றுங்கள். இலையில் பட்டால் கழுவிவிடுங்கள். மொட்டு கண்ணுக்குத் தெரியத் தொடங்கியதும் ஆரம்பித்து மூன்று வாரத்துக்கு ஒரு முறை, மொத்தம் மூன்று முறை போதும். பூ விரிந்த பிறகு ஊற்றினால் அந்த வருடப் பூ மாறாது. நட்டு இரண்டு வருடம் ஆகாத செடிக்கும், தளர்ந்திருக்கும் செடிக்கும் வேண்டாம். அளவு மீறினால் வேர் கருகும்.

எலும்புத்தூளும் சூப்பர் பாஸ்பேட்டும் போட்டிருந்தால் அதிலுள்ள மணிச்சத்து அலுமினியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், நீலம் வராது.

அப்ப ரோஸ் வேணும்னா சுண்ணாம்பு போட்டா சரியா?

பச்சை இலை வகைக்கு, தேயிலைத் தோட்டத்தில் போடும் டோலமைட்டைக் கொஞ்சம் போடலாம். இந்த வகைக்கு எங்கள் பரிந்துரை: வேண்டாம். அமிலம் குறைந்தால் இரும்புச்சத்துக் குறைவால் பச்சை நடுப்பகுதி மஞ்சளாகும். ஏற்கெனவே பாதி இலைதான் உணவு தயாரிக்கிறது, அதையும் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

எப்பக் கவாத்து பண்ணணும்? போன வருஷம் நல்லா வெட்டிவிட்டேன், பூவே வரல.

வெட்டியது மொட்டைத்தான். இது பழைய தண்டில் பூக்கும் செடி. அடுத்த பருவத்துப் பூமொட்டு குளிர்காலத்தில் தண்டின் நுனிப் பக்கம் உள்ளேயே உருவாகிவிடும். ஜனவரியில் செடியை ஒழுங்குபடுத்துகிறேன் என்று நுனியெல்லாம் வெட்டினால் அந்த வருடம் பூ போயிற்று.

பூ வாடிய சில வாரங்களுக்குள் வெட்டுங்கள். வாடிய கொத்துக்குக் கீழே, எதிரெதிராகப் பருத்த மொட்டு ஜோடி ஒன்று இருக்கும். அதற்குக் கால் அங்குலம் மேலே வெட்டு. நான்கைந்து வருடமான மரத்துப்போன தண்டுகளில் வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ மட்டும் அடியோடு எடுங்கள். பச்சை வகையை மூன்றில் ஒரு பங்கு குறைத்தாலும் தாங்கும். இது மெதுவாக வளர்வது, அந்த அளவுக்குக் கை வைக்கக் கூடாது.

உரம் எவ்வளவு?

வருடத்துக்கு இரண்டு தடவை, ஒரு தொட்டிக்கு இரண்டு கைப்பிடி நன்றாக மக்கிய தொழு உரம். யூரியா வேண்டாம். தழைச்சத்து கூடினால் இலை கொழுக்கும், பூ குறையும், ஓரமும் கருகும்.

நடுவுல ஒரு கிளை முழுப்பச்சையா, நல்லா திடமா வருது. செடி தெளிஞ்சிடுச்சுன்னு சந்தோஷப்படலாமா?

உடனே வெட்டுங்கள். இதுதான் இந்தச் செடிக்கு இருக்கும் பெரிய ஆபத்து. அந்தக் கிளையில் வெள்ளைத் திசு இல்லாமல் போய்விட்டது. முழு இலையும் உணவு தயாரிப்பதால் மற்றக் கிளைகளைவிட வேகமாக வளரும். விட்டால் இரண்டு மூன்று வருடத்தில் செடி முழுவதையும் மூடிவிடும். வெள்ளைக் கரைக் கிளைகள் நிழலில் நலிந்து போகும். பிறகு கையில் மிஞ்சுவது சாதா ஹைட்ரேஞ்சியா.

வெட்டும் இடம் முக்கியம். பச்சைக் கிளையை விரலால் பிடித்துக் கீழே கீழே வாருங்கள். இலைகள் ஜோடி ஜோடியாக எதிரெதிரே இருக்கும். எந்த ஜோடியில் வெள்ளைக் கரை மறுபடி தெரிகிறதோ அதற்குச் சற்று மேலே வெட்டுங்கள். கரையே தென்படாமல் மண்ணுக்குள் போனால், மண்ணை ஒதுக்கி அது புறப்படும் இடத்தோடு சேர்த்து எடுங்கள். மண் மட்டத்தில் வெட்டிவிட்டால் அங்கிருந்து மூன்று பச்சைத் தளிர் கிளம்பும்.

முன்பு சொன்ன கவாத்துக் காலம் இதற்குப் பொருந்தாது. பச்சைக் கிளையை எந்த மாதத்தில் கண்டாலும் அன்றே எடுக்கலாம்.

என் செடியில நேர்மாறா, ஒரு கிளை பூரா வெள்ளையா வருது. ரொம்ப அழகு. அதை மட்டும் வெட்டி வச்சா வெள்ளைச் செடி கிடைக்குமா?

கிடைக்காது. பச்சையமே இல்லாத கிளை தாய்ச்செடி கொடுக்கும் உணவில்தான் உயிரோடு இருக்கிறது. வெட்டி நட்டால் தண்டில் மீந்த சத்து உள்ளவரை நிற்கும், பிறகு சாகும். பெரிய செடியில் ஒன்றிரண்டு இருந்தால் அழகுக்கு விடலாம். சின்னச் செடி என்றால் அது சுமை, எடுத்துவிடுங்கள்.

பதியன் போட்டா வெள்ளைக் கரை அப்படியே வருமா? விதையில?

விதையில் வராது. தண்டுத் துண்டிலோ மண்பதியனிலோ வரும், தேர்ந்தெடுக்கும் கிளை சரியாக இருந்தால். இலையில் பாதிக்குமேல் பச்சையும், எல்லா ஜோடியிலும் கரையும் உள்ள, பூக்காத கிளையை எடுங்கள். ஒரு பக்க இலை பச்சை, மறுபக்கம் வெள்ளை என்று இருந்தால் அந்தக் கிளை வேண்டாம்.

பத்துப் பன்னிரண்டு செ.மீ. நீளம், இரண்டு மூன்று கணு. கீழ்க் கணுவுக்கு ஒட்டினாற்போலக் கீழே வெட்டி, கீழ் இலைகளை நீக்கி, மேல் இலைகளைப் பாதியாகக் கத்தரியுங்கள். கத்தரிக்கும்போது குறுக்கே வெட்டினால் பச்சை நடுப்பகுதி மிஞ்சும். மணலும் அலசிய நார்க்கழிவும் சரிபாதி கலந்து ஒரு கணு புதையும்படி ஊன்றி, அடி வெட்டிய பிளாஸ்டிக் பாட்டிலைக் கவிழ்த்து நிழலில் வையுங்கள். நாளுக்கு ஒரு தடவை மூடியைத் திறந்து காற்று விடுங்கள், இல்லாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். பச்சை வகை மூன்று நான்கு வாரத்தில் வேர் விடும், இதற்கு ஆறு வாரம்வரை பொறுங்கள். இழுத்துப் பார்க்காதீர்கள்.

உறைபனி விழுந்தா என்ன பண்றது?

டிசம்பர், ஜனவரி இரவுகளில் ஊட்டியின் பள்ளமான இடங்களில் வெட்டவெளியில் நிற்கும் செடிகளுக்குத்தான் ஆபத்து. நுனி கருகினால் உள்ளே இருக்கும் பூமொட்டும் போகும். ஊட்டி அரசு தாவரவியல் பூங்காவில் பூச்செடிகளை மிலார் செடிகளால் மூடிவைப்பார்கள். வீட்டில் சாக்கு அல்லது பழைய வேட்டி போதும். பொழுது சாயும்போது மூடி, வெயில் ஏறியதும் எடுங்கள். பிளாஸ்டிக் தாள் இலையில் படும்படி போர்த்த வேண்டாம், தொட்ட இடமெல்லாம் கருகும். கருகிய நுனியை உடனே வெட்டாமல் பனிக்காலம் தீரும்வரை விட்டுவையுங்கள், கீழ் மொட்டுகளுக்கு அதுவே மறைப்பு.

இலை மஞ்சளாகுது. ஆனா இது ஏற்கெனவே ரெண்டு கலர் இலையாச்சே, எது நோய்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

கரை ஓரத்தில் இருக்க வேண்டும், நடு பச்சையாக இருக்க வேண்டும். இளம் இலையில் நரம்பு மட்டும் பச்சையாகவும் நரம்பிடைப் பகுதி மஞ்சளாகவும் இருந்தால் இரும்புச்சத்துக் குறைவு. லிட்டருக்கு 2 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைத்து மாலையில் தெளித்து, கூடவே சாம்பல், சுண்ணாம்பு எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள். தெளிப்பு தற்காலிகம், மண்தான் நிரந்தரம். கீழ் இலை மட்டும் மஞ்சளாகி உதிர்ந்தால் வயதான இலை, அல்லது தண்ணீர் அதிகம்.

மேலே ஊசியால் குத்தியதுபோல வெளிறிய புள்ளிகள், அடியில் மெல்லிய நூலாம்படை என்றால் செஞ்சிலந்திப் பேன். ஜனவரியிலிருந்து ஏப்ரல்வரை வறண்ட நாட்களில் வரும். வெள்ளைப் பகுதியில் புள்ளி தெரியாது, இலையின் நடுவைப் பாருங்கள். அடிப்பக்கம் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே பாதி போகும். மீதிக்கு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், 1 மில்லி சோப்புக் கரைசல், மாலையில் மட்டும். மழைக்காலத்தில் மாவு பூசியதுபோல வந்தால் சாம்பல் நோய். லிட்டருக்கு 2 கிராம் நனையும் கந்தகம் தெளிக்கலாம், ஆனால் வேப்பெண்ணெய் அடித்து இரண்டு வாரத்துக்குள் கந்தகம் கூடாது, இலை வெந்துவிடும்.

இலை நெளிந்து, தேமல் மாதிரி ஒழுங்கில்லாத திட்டோடு செடி குறுகினால் வைரஸாக இருக்கலாம். அதற்கு மருந்தில்லை. பிடுங்கி எரித்துவிட்டு, கத்தரியை சானிடைசரால் துடைத்துவிட்டு அடுத்த செடியைத் தொடுங்கள்.

ஆடு மேய்ஞ்சிடுச்சு. ஒண்ணும் ஆகாதே?

ஆகும். இந்த ஹைட்ரேஞ்சியாவின் இலையும் மொட்டும் நஞ்சுதான். 2008-ல் ஜப்பானில் உணவுத் தட்டில் அலங்காரமாக வைத்த இலையைத் தின்றவர்கள் வாந்தியெடுத்தார்கள். ஆடு, மாடு, நாய் எது தின்றிருந்தாலும் அறிகுறிக்குக் காத்திராமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள், தின்ற இலை ஒன்றையும் எடுத்துச் செல்லுங்கள். கவாத்து செய்த கழிவைத் தொழுவத்துப் பக்கம் போடாதீர்கள்.

நாலு வருஷமாச்சு, இன்னும் முழங்கால் உயரம்தான். பக்கத்துல வச்ச பச்சை வகை இடுப்பளவு வந்திடுச்சு.

சரியாகத்தான் வளர்கிறது. பாதி இலையில் சமைத்து முழு இலைக்கும் போடும் செடி அவ்வளவுதான் வளரும். உரத்தைக் கூட்டினால் என்ன ஆகும் என்று மேலே பார்த்தோம். தொட்டியில் இருந்தால் மட்டும் ஒன்றைச் சோதியுங்கள். அடி ஓட்டையில் வேர் எட்டிப் பார்க்கிறதா, ஊற்றிய நீர் உடனே பக்கவாட்டில் ஓடி வடிகிறதா? அப்படியென்றால் வேர் சுருண்டு நிறைந்துவிட்டது. பூ முடிந்ததும் இரண்டு அங்குலம் மட்டும் பெரிய தொட்டிக்கு மாற்றுங்கள். வெளிவேரை விரலால் கொஞ்சம் கலைத்துவிட்டு, சுற்றிலும் புதுக் கலவையைக் குச்சியால் தட்டி இறக்கி, பத்து நாள் நிழலில் வையுங்கள்.